டெக்ஸஸில் வீட்டு பேட்டரியோடு வரும் மின்திட்டம்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

டெக்ஸஸில் வீடு வாங்கிக் குடிவந்த சில மாதங்களிலேயே யாராவது ஒருவர் டேப்லெட்டும் கையுமாக வாசலில் வந்து நிற்பார். "உங்கள் வீட்டுச் சுவரோரம் பெரிய பேட்டரி வைத்துத் தருகிறோம், கரண்ட் போனாலும் வீடு ஓடும், மாதாமாதம் சின்னத் தொகைதான், மின்சாரத்தை மட்டும் எங்களிடம் வாங்கினால் போதும்" என்பார். 2021 பிப்ரவரிப் பனியில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டு கிடந்ததையும், 2024 ஜூலையில் பெரில் புயலுக்குப் பிறகு ஹியூஸ்டன் பக்கம் பல நாள் கரண்ட் இல்லாமல் வெந்த வீடுகளையும் பற்றி அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடத் தோன்றும்.

போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. விசாரித்து, கணக்குப் போட்டு, கடைசியில் நானும் இப்படி ஒரு திட்டத்தில்தான் சேர்ந்தேன். ஆனால் வாசலில் சொல்லப்படும் மாதத் தொகையை வைத்து முடிவு செய்தால் கணக்கு உதைக்கும். உண்மையான செலவு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: யூனிட் விலையில், கட்டுப்பட்டிருக்கும் காலத்தில், வெளியேறும் செலவில். இதை நமக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல, அதனால்தான் இதை எழுதுகிறேன். கிலோவாட் மணி என்பதை ஊர் வழக்கப்படி யூனிட் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்தத் திட்டம் எப்படி ஓடுகிறது என்று இரண்டு வரி. பேட்டரி நிறுவனத்துக்குச் சொந்தம். சந்தையில் மின்சாரம் மலிவாக இருக்கும் நேரத்தில் அதை நிரப்பி, மாலையில் விலை ஏறும்போது விற்றுக் காசு பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் கரண்ட் போனால் அதே பேட்டரி உங்களுக்கு உழைக்கும். போனைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருட பிளானில் கட்டிப்போடும் செல்போன் கம்பெனி வியாபாரம்தான் இது. போனை விட்டுவிட்டு பிளானைப் பார்க்க வேண்டும்.

1. உங்கள் முகவரிக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

டெக்ஸஸில் எல்லோருக்கும் மின் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ஆஸ்டின் நகருக்குள் ஆஸ்டின் எனர்ஜி, சான் அன்டோனியோவில் சிபிஎஸ் எனர்ஜி என்று நகராட்சி அமைப்புகளே மின்சாரம் தருகின்றன. சீடர் பார்க், லியாண்டர் பக்கம் பெரும்பாலும் பெடர்னாலஸ் கூட்டுறவு. நம் மக்கள் கூட்டமாக இருக்கும் ஃபிரிஸ்கோவில் கதை இன்னும் சுவாரசியம்: ஒரு பகுதி, வீடு வரை மின்கம்பியைக் கொண்டுவரும் ஆன்கார் என்ற கம்பி நிறுவனத்தின் வட்டாரம், இன்னொரு பகுதி கோசர்வ் கூட்டுறவு. அந்த ஊரில் இருக்கும் நண்பர் சேர்ந்துவிட்டார் என்பதால் நீங்களும் சேரலாம் என்று அர்த்தமில்லை. பிளேனோ, இர்விங், காப்பெல் ஆன்கார். கேட்டி, ஷுகர்லாண்ட், பியர்லாண்ட் சென்டர்பாயின்ட் என்ற இன்னொரு கம்பி நிறுவனம். இங்கெல்லாம் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

பில்லில் கம்பிக்கான நிறுவனம் யார் என்று பாருங்கள், அது போதும். கூட்டுறவு என்றால் அவர்களையே கூப்பிட்டு "வீட்டு பேட்டரித் திட்டம் ஏதாவது வைத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். சில கூட்டுறவுகள் தனியாக வைத்திருக்கின்றன, அவற்றின் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட் என்றால் மேலே படிக்க வேண்டாம், நேராக ஏழாவது பகுதிக்குப் போய்விடுங்கள். கூரையில் ஏற்கெனவே சோலார் இருந்தால், நீங்கள் திருப்பி அனுப்பும் யூனிட்டுக்குப் புதிய நிறுவனம் என்ன விலை தரும் என்பதை எழுத்தில் வாங்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

2. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

போனில் பேசும் முன்பே இவை கையில் இருக்க வேண்டும்:

- கடைசி 12 மாத மின் பில்கள். வீடு புதிது என்றால் இருக்கிற மாதங்கள் போதும், ஆனால் அதில் ஒரு கோடை மாதமாவது இருக்க வேண்டும்.
- இணைப்பு எண். பில்லில் இஎஸ்ஐ ஐடி என்று 17 அல்லது 22 இலக்கத்தில் இருக்கும்.
- இப்போதைய ஒப்பந்தம் முடியும் தேதி, முன்கூட்டியே விலகினால் கட்ட வேண்டிய தொகை.
- மின் மீட்டர், பிரேக்கர் பாக்ஸ் படங்கள். பாக்ஸின் கதவைத் திறந்து, மெயின் பிரேக்கரில் 150 அல்லது 200 என்று எழுதியிருப்பது தெரியும்படி ஒரு படம், கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டுக்கு ஒரு படம்.
- வீடு வாங்கியபோது கிடைத்த சர்வே வரைபடம். பேட்டரி வைக்கும் இடத்துக்கும் எல்லைச் சுவருக்கும் இடைவெளி பார்க்க இதுதான் உதவும், எச்ஓஏவும் (குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம்) இதைத்தான் கேட்கும்.

ஸ்மார்ட் மீட்டர் டெக்ஸஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்கள் செலவழித்தது வரை பார்க்கலாம். பில்லை விட இது பலமடங்கு உபயோகம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாளைத் திறந்து, மாலை 4 மணியிலிருந்து 9 மணி வரை எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது பகுதியில் தேவைப்படும்.

அமெரிக்காவுக்கு வந்து அதிக நாளாகவில்லை, கிரெடிட் வரலாறு இல்லை என்றால் புதிய நிறுவனம் முன்பணம் கேட்கலாம். பழைய நிறுவனத்திடம் "ஒழுங்காகப் பணம் கட்டியவர்" என்று கடிதம் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் அது தள்ளுபடியாகும். ஒரு போன் செய்தால் அனுப்பிவிடுவார்கள்.

3. விலைச் சீட்டைப் பிரித்துப் படியுங்கள்

டெக்ஸஸில் ஒவ்வொரு மின்திட்டத்துக்கும் இஎஃப்எல் என்ற விலைச் சீட்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். 500, 1000, 2000 யூனிட்டுக்குச் சராசரி விலை என்ன என்று மேலே போட்டிருப்பார்கள். விற்பனையாளர் விரல் வைத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். நீங்கள் அதற்குக் கீழே போங்கள்.

கீழே விலை இரண்டாகப் பிரியும். ஒன்று நிறுவனம் வாங்கும் யூனிட் விலை. இன்னொன்று ஆன்கார், சென்டர்பாயின்ட் போன்ற கம்பி நிறுவனங்களின் கட்டணம், மாதத்துக்குச் சில டாலர் நிலையாகவும் யூனிட்டுக்கு இத்தனை சென்ட் என்றும் இருக்கும். இது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாறக்கூடியது. யாரிடம் மின்சாரம் வாங்கினாலும் இந்த இரண்டாவது தொகை ஒன்றேதான், ஆகவே ஒப்பிடும்போது அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரு திட்டத்தின் விலையைக் கம்பிக் கட்டணம் சேர்க்காமலும் இன்னொன்றைச் சேர்த்தும் சொல்வது ரொம்பப் பழைய வித்தை. "ஒன்பது சென்ட்தான் சார்" என்றால் உடனே "கம்பிக் கட்டணத்தோடா, இல்லாமலா" என்று கேளுங்கள்.

அடுத்து, பேட்டரியின் மாதக் கட்டணம் அந்தச் சராசரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராமல் வேறொரு தாளில் இருந்தால் சீட்டில் தெரியும் விலைக்கும் உங்கள் பில்லுக்கும் சம்பந்தம் இருக்காது. 1000 யூனிட் தாண்டினால் இத்தனை டாலர் கழிவு என்ற மாதிரி திட்டங்களோடு ஒப்பிடுவதாக இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஒரு மாதம் 990 யூனிட்டில் நின்றுவிட்டால் கழிவு மொத்தமும் போய்விடும், மார்ச், நவம்பர் மாதங்களில் இது சர்வ சாதாரணம்.

ஒப்பிட வேறு திட்டம் எங்கே கிடைக்கும்? பவர் டு சூஸ் என்று மாநில ஆணையம் நடத்தும் தளம் இருக்கிறது. அஞ்சல் எண்ணைப் போட்டு, 12 மாதமோ 24 மாதமோ நிலையான விலை, கழிவு விளையாட்டு இல்லாதது என்று வடிகட்டி, மலிவான இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. முழு ஒப்பந்த காலத்துக்கும் கணக்குப் போடுங்கள்

மாதக் கணக்கு ஏமாற்றும், வருடக் கணக்கும் பாதிதான். ஒப்பந்தம் மூன்று வருடம் என்றால் மூன்று வருடத்துக்கும் போடுங்கள். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்காக நான் வைத்தவை, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வருடம் 15,000 யூனிட் என்று வைப்போம், இங்கே நடுத்தர அளவு வீட்டுக்கு இது ஆச்சரியமான எண் அல்ல. சாதாரணத் திட்டம் யூனிட் 9.5 சென்ட். பேட்டரித் திட்டம் யூனிட் 10.5 சென்ட், மாதக் கட்டணம் 25 டாலர், பொருத்தும் கட்டணம் ஒருமுறை 700 டாலர். கம்பிக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்று என்பதால் விட்டுவிட்டோம்.

யூனிட்டுக்கு ஒரு சென்ட் வித்தியாசம்: வருடம் 150, மூன்று வருடத்துக்கு 450 டாலர். மாதக் கட்டணம் 36 மாதத்துக்கு 900. பொருத்தியது 700. ஆக மொத்தம் 2,050 டாலர். மாதத்துக்குப் பிரித்தால் கிட்டத்தட்ட 57 டாலர். வாசலில் சொன்ன 25 எங்கே, இந்த 57 எங்கே!

இதே கணக்கில் மின்கார் வாங்கி வருடம் 22,000 யூனிட் போனால் அந்த ஒரு சென்ட் மட்டும் மூன்று வருடத்தில் 660 டாலர் ஆகிவிடும். அதிகம் செலவழிக்கும் வீட்டுக்கு யூனிட் விலைதான் முக்கியம், மாதக் கட்டணம் அப்புறம்தான். மாறாக, பேட்டரித் திட்டத்தின் யூனிட் விலை சந்தையை விட அரை சென்ட் குறைவாகக் கிடைத்தால் 15,000 யூனிட் வீட்டுக்கு மூன்று வருடத்தில் 225 டாலர் திரும்பி வருகிறது, நிகரச் செலவு 1,375 ஆக இறங்குகிறது. ஆக, கேட்க வேண்டிய முதல் கேள்வி "மாதம் எவ்வளவு" அல்ல, "யூனிட் எவ்வளவு, அது எத்தனை மாதத்துக்கு நிலை".

கடைசியில் வரும் அந்த ஒரு தொகைதான் கரண்ட் போகாமல் இருப்பதற்கு நீங்கள் கட்டும் இன்சூரன்ஸ். இனி அந்தப் பாதுகாப்புக்கு இந்தத் தொகை தகுமா என்று பாருங்கள். இதற்கு உங்கள் தெருவைக் கேட்க வேண்டும், டெக்ஸஸைக் கேட்டுப் பயனில்லை. ஒரே ஊரில் மருத்துவமனையோ தீயணைப்பு நிலையமோ இருக்கும் லைனில் உள்ள வீடுகளில் 2021இல்கூட விளக்கு எரிந்தது, இரண்டு தெரு தள்ளி மூன்று நாள் இருட்டு. பத்து வருடமாக அதே தெருவில் இருப்பவரிடம் கேளுங்கள். பெரிய மரங்களுக்கு நடுவே கம்பம் வழியாக வரும் லைன் என்றால் ஆபத்து அதிகம், புதுக் குடியிருப்பில் மண்ணுக்கடியில் வருவது என்றால் காற்றுக்கு அவ்வளவாகப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. ஊரிலிருந்து அப்பா அம்மா ஏப்ரலில் வந்து செப்டம்பர் வரை இருக்கிறார்கள், ஒருவருக்கு இன்சுலின், வெளியே 105 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் 2,050 டாலர் பெரிதாகத் தெரியாது. இருவரும் தினம் ஆபீஸ் போகும், வருடத்தில் ஒரு மணி நேரம்கூட கரண்ட் போகாத வீட்டுக்கு அது வீண்செலவு. மூச்சுக் கருவி போன்றவற்றை நம்பி நிரந்தரமாக வீட்டில் வசிப்பவர் யாராவது இருந்தால், டாக்டர் கையெழுத்தோடு கம்பி நிறுவனத்துக்குக் கொடுக்கும் மருத்துவ முன்னுரிமைப் படிவம் ஒன்று இருக்கிறது, செலவே இல்லை, முதலில் அதைக் கொடுங்கள். கரண்ட் போகவே போகாது என்ற உத்தரவாதத்தை மட்டும் அது தராது.

5. கரண்ட் போனால் நிஜமாக எது ஓடும்

விற்பனையாளர் "மொத்த வீடும் ஓடும்" என்பார். எத்தனை மணி நேரம் என்று சொல்ல மாட்டார்.

இரண்டு எண்களைக் கேளுங்கள். பேட்டரிக்குள் எத்தனை யூனிட் பிடிக்கும் என்பது ஒன்று, ஒரே சமயத்தில் எத்தனை கிலோவாட் தர முடியும் என்பது மற்றொன்று. முதல் எண் எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லும், இரண்டாவது எதையெல்லாம் சேர்த்துப் போடலாம் என்பதை. ஆகஸ்ட் மாலைக்கு நீங்கள் குறித்துவைத்த யூனிட்டை முதல் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

25 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். மூன்று டன் ஏசி ஓடும்போது சுமார் 3 கிலோவாட் இழுக்கும். ஆகஸ்ட் மதியத்தில் அது நிற்காமல் ஓடும், எட்டு மணி நேரத்தில் முழு பேட்டரியும் காலி. ஏசியை விட்டுவிட்டு ஃபிரிட்ஜ், வைஃபை, நாலு விளக்கு, இரண்டு ஃபேன் என்று 300 வாட்டுக்குள் அடக்கிக்கொண்டால் அதே பேட்டரி மூன்று நாளுக்கு மேல் தாங்கும். கராஜில் இரண்டாவது ஃபிரிட்ஜ், அதில் இட்லி மாவும் தேங்காய்த் துருவலும் என்று நம் வீடுகளில் இருப்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கரால் பிரச்சினை இல்லை, அரை மணி நேர வேலைதான். துணி உலர்த்தி, மின்சார வாட்டர் ஹீட்டர், கார் சார்ஜர் மூன்றும் கரண்ட் போன நேரத்தில் தொடவே கூடாதவை.

குளிர்காலம் இன்னும் மோசமான சோதனை. வீட்டில் எரிவாயு ஹீட்டர் என்றால் அதன் ஊதுவிசிறிக்கு மட்டும் அரை கிலோவாட் போல வேண்டும், சமாளிக்கலாம். முழு மின்சார வீடாக இருந்து, ஹீட் பம்புக்குத் துணையாக உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பிகள் ஓட ஆரம்பித்தால் 10 கிலோவாட் இழுக்கும். 25 யூனிட் பேட்டரி இரண்டரை மணி நேரத்தில் படுத்துவிடும். உங்கள் வீடு எந்த ரகம் என்று தெரியாவிட்டால் ஜனவரி பில்லைப் பாருங்கள், ஆகஸ்ட் பில்லுக்கு இணையாக ஏறியிருந்தால் மின்சார ஹீட்டர்தான்.

இனி யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரி எப்போதும் நிறைந்திருக்காது. மின்தட்டுப்பாடு வரும் மாலையில்தான் சந்தை விலை உச்சத்துக்குப் போகும், நிறுவனம் பேட்டரியை விற்றுக் காலி செய்ய நினைப்பதும் அதே மாலையில்தான். சுழற்சி முறையில் கரண்டை நிறுத்துவதும் அப்படிப்பட்ட நேரத்தில்தான். உங்களுக்கென்று குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் எப்போதும் மிச்சம் வைப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். 20 சதவீதம் என்றால் 25 யூனிட்டில் 5 யூனிட். அது ஏசிக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, ஃபிரிட்ஜ் விளக்குக்குப் பதினாறு மணி நேரம். புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே முழுதாக நிரப்பி வைப்பார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நான் கேட்டபோது போனில் "கண்டிப்பாகச் செய்வோம் சார்" என்று உற்சாகமாகச் சொன்னவர், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றதும் மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். வேறொரு நிறுவனத்தில் பக்க எண்ணோடு பதில் வந்தது, அதில்தான் சேர்ந்தேன்.

ஏசி ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடுவதை விடப் பலமடங்கு இழுக்கும். பேட்டரி அதைத் தாங்காவிட்டால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னக் கருவி பொருத்தச் சொல்வார்கள். சில நூறு டாலர் ஆகும். அது யார் செலவு என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

6. ஒப்பந்தம் ஒன்றல்ல, இரண்டு

பெரும்பாலும் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்குவார்கள்: மின்சாரம் வாங்குவதற்கு ஒன்று, பேட்டரியை உங்கள் இடத்தில் வைத்துக்கொள்ள இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மின்சார ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால் அபராதம் உண்டு, ஆனால் வீட்டைக் காலி செய்து வேறு ஊர் போனால் அந்த அபராதத்தை வாங்கக் கூடாது என்பது டெக்ஸஸ் விதி, புது முகவரிக்கு ஆதாரம் காட்டினால் போதும். அந்தச் சலுகை பேட்டரி ஒப்பந்தத்துக்கும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கழற்றும் கட்டணம் என்றோ, மீதி மாதக் கட்டணம் என்றோ தனியாகப் போட்டிருப்பார்கள். விசாவில் இருப்பவர்கள், வேலை மாறினால் சியாட்டிலோ நியூஜெர்சியோ போகக்கூடியவர்கள், இந்த ஒரு பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

இவற்றுக்குப் பதில் கிடைக்காமல் கையெழுத்து வேண்டாம்:

வீட்டை விற்றால் வாங்குபவர் திட்டத்தை ஏற்றாக வேண்டுமா, அவர் மறுத்தால் எனக்கு எவ்வளவு? பேட்டரி ஒப்பந்தம் எத்தனை வருடம், யூனிட் விலை நிலை எத்தனை வருடம்? முதலாவது நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் இருந்தால், நடுவில் விலையை ஏற்றினாலும் நீங்கள் ஓட முடியாது. நிறுவனம் மூடிப்போனாலோ கைமாறினாலோ சுவரோரம் இருக்கும் பெட்டியை யார் எடுப்பார்கள்? ஆலங்கட்டி மழை, வெள்ளம், தீ என்றால் சேதம் யார் கணக்கில்? வீட்டு இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி, அவர் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ள பேட்டரி தங்களுடையது என்று மாவட்டப் பதிவில் நிறுவனம் ஒரு குறிப்புப் பதியக்கூடும். வீட்டுக்கடனை மாற்றி எழுதும்போது இது தலைகாட்டி, கடன் கொடுப்பவர் விளக்கம் கேட்பார். பதிவார்களா, கடன் மாற்றும்போது விலக்குக் கடிதம் எத்தனை நாளில் தருவார்கள் என்று கேளுங்கள்.

வரிச்சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேட்டரி உங்களுடையது அல்ல. சொந்தமாக வாங்குபவர்களுக்குக் கிடைத்துவந்த 30 சதவீத மத்திய வரிக்கழிவும் 2025 டிசம்பர் 31க்குப் பிறகு செய்யும் செலவுக்குக் கிடையாது.

7. மற்ற வழிகளையும் ஒருமுறை பாருங்கள்

சொந்தமாக 13.5 யூனிட் பேட்டரி வாங்கிப் பொருத்த 12,000 முதல் 16,000 டாலர் வரை ஆகும். அது உங்களுடையது, எந்த மின்திட்டத்துக்கும் மாறலாம், மொத்தமும் உங்கள் கட்டுப்பாட்டில். எரிவாயுவில் ஓடும் பெரிய ஜெனரேட்டர் பொருத்துக்கூலியோடு 10,000 டாலரைத் தாண்டும், ஆனால் குழாயில் வாயு வரும்வரை நாள்கணக்கில் ஓடும். பெரில் மாதிரி ஒரு வார இருட்டுக்கு உண்மையான பதில் அதுதான், பேட்டரி அல்ல.

கையில் தூக்கும் ஜெனரேட்டர் ஆயிரம் டாலருக்குள் கிடைக்கும். ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்கு, போன் என்ற அளவுக்கு அது தாராளம். வீட்டு வயரிங்கோடு இணைப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்து முறையான இணைப்பும், வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒரே சமயத்தில் சேராமல் தடுக்கும் பூட்டும் (இன்டர்லாக்) போட்டுத்தான் செய்ய வேண்டும். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் ஓட்டவே கூடாது, ஷட்டர் திறந்திருந்தாலும் கூடாது. 2021இல் ஹியூஸ்டன் பகுதியில் எத்தனையோ குடும்பங்கள் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவால் ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு யூனிட் பிடிக்கும் தூக்கிச்செல்லும் பேட்டரிப் பெட்டி போதும், ஒரு ஃபிரிட்ஜை ஒரு நாளுக்குத் தாங்கும், வீடு மாறினால் காரில் ஏற்றிக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால்: இன்னும் மூன்று வருடம் அதே வீட்டில் இருப்பது உறுதி, யூனிட் விலை சந்தையை ஒட்டி இருக்கிறது, வருடத்தில் சில தடவையாவது கரண்ட் போகிறது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் நிறுவன பேட்டரி லாபம். ஒன்று குறைந்தாலும் ஆயிரம் டாலருக்குள் ஜெனரேட்டர் வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

8. எச்ஓஏ, பெர்மிட், காத்திருப்பு

எச்ஓஏ அனுமதியை நீங்கள்தான் வாங்க வேண்டியிருக்கும். சர்வே வரைபடத்தில் இடத்தைக் குறித்து, பெட்டியின் நீள அகல உயரத்தோடு, தெருவிலிருந்து தெரியாது என்று ஒரு படமும் சேர்த்துப் போட்டால் சீக்கிரம் நகரும். செடி நட்டு மறைக்கச் சொன்னால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான்.

இடம் பார்க்கும்போது ஜன்னல், கதவுகளிலிருந்து மூன்று அடி தள்ளி இருக்கட்டும். படுக்கையறைச் சுவரை ஒட்டி வைக்கக் கேட்டால் மறுத்துவிடுங்கள், குளிர்விக்கும் விசிறி சத்தம் நடுராத்திரியில் நன்றாகவே கேட்கும். நகராட்சி பெர்மிட்டும் கம்பி நிறுவனத்தின் இணைப்பு ஒப்புதலும் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் வேலை, நீங்கள் செய்ய வேண்டியது வாராவாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்பதுதான்.

கையெழுத்திலிருந்து பேட்டரி உயிர் பெறும்வரை சில வாரங்களும் ஆகலாம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். ஜூன் 1இல் புயல் பருவம் தொடங்குகிறது, மே மாதம் விழித்துக்கொண்டால் ஆகஸ்டில்தான் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச் நல்ல நேரம், அப்போது மின்சார விலையும் கோடையை விடப் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

இதில் ஒரு பொறி: மின்சாரக் கணக்கு எந்த நாளில் புதிய நிறுவனத்துக்கு மாறுகிறது? கையெழுத்துப் போட்ட வாரமே மாற்றிவிட்டு பேட்டரியை மூன்று மாதம் கழித்து வைத்தால், பேட்டரி இல்லாமலே கூடுதல் விலை கட்டிக்கொண்டிருப்பீர்கள். பொருத்திச் சோதித்த நாளில்தான் மாற்றம், மாதக் கட்டணமும் அன்றிலிருந்துதான் என்று எழுதி வாங்குங்கள். பழைய ஒப்பந்தம் முடிய 14 நாள் இருக்கும்போது மாறினால் பழைய நிறுவனம் அபராதம் வாங்க முடியாது, முடிந்தால் இரண்டு தேதியையும் பொருத்திக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால், நிறுவனம் மாறுபவர்களுக்கு மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை இருக்கிறது. போனில் சொல்லி விட்டுவிடாமல் மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

9. பொருத்தும் நாளில்

லீவு போட்டாவது வீட்டில் இருங்கள். வேலை முடிந்ததும் ஆட்கள் கிளம்பும் முன் ஏசியை ஓடவிட்டு, மெயினை அவர்களையே அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு ஒருமுறை சிமிட்டலாம். மைக்ரோவேவ் கடிகாரம் 12:00 என்று மின்னினால் மாறுவதற்கு நேரம் எடுக்கிறது என்று அர்த்தம், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் தனியாகச் சின்ன யுபிஎஸ் வைத்துக்கொள்ள வேண்டும். ஏசி நின்று மறுபடி ஸ்டார்ட் ஆகும்வரை காத்திருங்கள். பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை, அதைப் பார்க்காமல் முடிவுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பிரேக்கர் பாக்ஸில் எந்தெந்த ஸ்விட்ச் பேட்டரியோடு சேர்ந்தது என்று அவர்களையே எழுதி ஒட்டச் சொல்லி, ஒரு படம் எடுத்து வீட்டில் எல்லோர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். கரண்ட் போகும் நாளில் நீங்கள் வெளியூரில் இருக்கலாம்.

முதல் இரண்டு பில்களை வரி வரியாக விலைச் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். அன்றைக்கே யூனிட் விலை நிலை முடியும் தேதியைக் காலண்டரில் போட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னதாக ஒரு நினைவூட்டலும் வையுங்கள். புதுப்பிப்புக் கடிதம் விளம்பரத் தபாலோடு கலந்துதான் வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் மாதாமாதம் மாறும் விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.